பறவையியல் பேரறிஞர் சலீம் அலி: வேலையிழந்த இளமையும் விளைந்த கல்வியும்

திருத்தணிகை மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஏறி நின்று வடக்கே நோக்குவோர்க்கு நகரி மலைத்தொடர் கண்ணுக்குத் தோன்றும். அம்மலை ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள்வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. எல்லை மீட்புப் போராட்டத்தின் பயனாக அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மனிதர் வகுத்த இவ்வெல்லையைப் பனைமரத்தில் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி அறியாது. மலையடிவாரத்துப் புதர்களில் அகவும் மயிலும் அறியாது. எல்லைகளைக் கடந்து வாழும் இவ்வுயிர்களைக் கண்டு எழுதுவதற்கென்றே தொண்ணூறு ஆண்டு வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் மாணவர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் பறவையியல் பேரறிஞர் டாக்டர் சலீம் அலி.

சலீம் அலியின் பெயரை அறியாதார் இலர். பத்ம விபூஷண், மாநிலங்களவை உறுப்பினர் பதவி, அனைத்துலகப் பரிசுகள் என அவர் அடைந்த பெருமைகள் பலவற்றைப் பொது அறிவு நூல்கள் பட்டியலிட்டுக் காட்டும். நாம் இங்கு மிகுதியும் கூற விரும்புவது அப்பெருமைகளுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றியே. பட்டம் இல்லை, வேலை இல்லை, எதிர்காலம் இன்னதென்ற தெளிவும் இல்லை என்னும் நிலையில் இருந்த ஓர் இளைஞர், தம் ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு அறிவியலில் கால் ஊன்றிய வரலாறு அது. படிப்பு முடிந்ததும் பணி கிட்டுமோ என்ற கவலையோடு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கும், பிள்ளைகளின் வாழ்வு குறித்துக் கவலையுறும் பெற்றோர்க்கும் அவ்வரலாறு பயன் தரும் என நம்புகின்றோம்.

பெற்றோரை இழந்த பிள்ளை

சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வணிகத்தைத் தொழிலாகக் கொண்ட சுலைமானி போரா வகுப்பினர் அவர்தம் குடும்பத்தார். தந்தையார் மொய்சுத்தீன் மறைந்தபோது குழந்தைக்கு ஓராண்டு. தாயார் ஜீனத்துன்னிசா மறைந்தபோது மூன்றாண்டு. அனாதைகளாய் நின்ற உடன்பிறந்தார் அனைவரையும் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், பிள்ளைப்பேறற்ற அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர். 1887இல் சென்னையில் கூடிய இந்திய தேசியக் காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தையப்ஜி பிறந்த குடும்பமே இத்தையப்ஜி குடும்பம். அனாதைகளைப் பேணுதலைப் பேரறமாகப் போற்றும் மார்க்கத்தில் பிறந்த அத்தம்பதியர் அவ்வறத்தைச் செய்யாதிருந்திருப்பின், இந்தியப் பறவையியலின் வரலாறே வேறாக அமைந்திருக்கும்.

சிறுவன் சலீமுக்கு ஒரு பொம்மைக் காற்றுத்துப்பாக்கி கிடைத்தது. அக்காலத்துச் சிறுவர்கள் பலரையும் போல அவரும் குருவிகளைச் சுட்டு, முறைப்படி அறுத்து, சமைத்து உண்டு மகிழ்ந்தார். ஏறத்தாழப் பத்து வயதில் ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியை எடுத்துப் பார்க்கையில், அதன் தொண்டையில் மஞ்சள் கறை போன்றதொரு திட்டு இருக்கக் கண்டார். இதுவரை கண்ட சிட்டுகளில் இல்லாத அடையாளம் அது. இதனை உண்ணுதல் தகுமோ என்ற ஐயம் எழவே, குருவியை மாமனிடம் கொண்டு சென்றார். வேட்டையில் வல்லவரான மாமனுக்கும் அது இன்ன பறவையெனத் தெரியவில்லை. தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பவர்க்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவரிடமே சென்று கேட்கச் சொன்னார்.

வெள்ளைக்காரர்களைக் கண்டாலே ஒதுங்கி நின்ற காலத்தில், இறந்த குருவியொன்றைப் பொதிந்து எடுத்துக்கொண்டு ஓர் இந்தியச் சிறுவன் அவ்வலுவலகத்தின் படியேறினான். மில்லார்டு அவனை விரட்டவில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அதனை இனங்காட்டினார். அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்; பறவை நூல்களைப் படிக்கக் கொடுத்தார்; பறவைகளைப் பாடம் செய்யும் முறையையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். ஒரு சிறுவனின் கேள்விக்கு அன்று அரைமணி நேரம் ஒதுக்கப்பட்டது. அதன் விளைவு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தம் இறுதிக் காலத்தில் எழுதி 1985இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலுக்கும் சலீம் அலி அக்குருவியின் வீழ்ச்சியையே பெயராகச் சூட்டினார்.

தேர்வும் தோல்வியும்

சலீம் அலி பள்ளியில் சிறந்து விளங்கியவர் அல்லர். கடுமையான தலைவலி அவரை அடிக்கடி வருத்தியது. காற்று மாற்றம் வேண்டிச் சிந்து மாகாணத்திற்கும் அவர் அனுப்பப்பட்டார். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். கல்லூரிப் படிப்பில் கணக்கு அச்சுறுத்தியது. படிப்பை இடையே விட்டுவிட்டுக் குடும்பத்தாரின் உல்ஃப்ராம் சுரங்கத் தொழிலையும் மர வணிகத்தையும் கவனிக்கப் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்றார்.

வணிகம் வளரவில்லை, ஆனால் தவாய்க் காடுகள் அவர்க்குப் பள்ளியாயின. பேரேட்டில் செலுத்த வேண்டிய கவனம் மரக்கிளைகளின்மேல் சென்றது. 1917இல் பம்பாய் திரும்பியவர், உற்றார் விருப்பப்படி வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்கத் தொடங்கினார். அவருடைய உள்ளம் எதில் இருக்கிறது என்பதை உணர்ந்தவர் தூய சவேரியார் கல்லூரியில் இருந்த பாதிரியார் எத்தல்பெர்ட் பிளாட்டர். அவர் தூண்டுதலால் வணிகப் படிப்போடு விலங்கியலையும் சலீம் அலி கற்றார். ஓர் இஸ்லாமிய இளைஞரை அறிவியலுக்குள் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்கள் ஓர் ஆங்கிலேய வணிகரும் ஒரு கிறித்தவத் துறவியும் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும். கல்விக்குச் சாதி சமய வேலி இல்லை.

1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை அவர் மணந்தார். செல்வக் குடும்பத்தில் வளர்ந்த அம்மையார், பின்னாளில் கூடாரங்களிலும் காட்டுப் பங்களாக்களிலும் கணவரோடு தங்கி, அவர்தம் ஆய்வுக்கு உறுதுணையாய் நின்றார்.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று இருந்தது. சலீம் அலி அதனை நாடினார். முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது கிட்டவில்லை. பின்னர் 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது. திங்கள் ஊதியம் 350 ரூபாய். அக்காலத்தில் அது நல்ல ஊதியமே. வருகின்ற மாணவர்க்கும் பார்வையாளர்க்கும் காட்சிப் பொருள்களை விளக்கிக் கூறுவது அவர் பணி. ஆயினும் தம் அறிவில் ஆழம் போதாது என்பதை அவரே உணர்ந்தார். இறந்த பறவைகளைக் காட்டி விளக்கிக் கொண்டிருப்பதில் மனம் நிறைவு கொள்ளவில்லை. 1928இல் படிப்பு விடுப்புப் பெற்று ஜெர்மனிக்குப் பயணமானார்.

பெர்லின் தந்த பயிற்சி

பெர்லின் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் அக்காலத்து உலகப் பறவையியலின் முன்னோடிகளுள் ஒருவரான எர்வின் ஸ்ட்ரெஸ்மன் இருந்தார். அதுகாறும் பறவையியல் என்பது பெரும்பாலும் தோலும் இறகும் சேர்த்து, அளந்து, பெயரிட்டு, அலமாரியில் அடுக்கும் கலையாகவே இருந்து வந்தது. உயிருள்ள பறவை எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எவ்வாறு இனம் பெருக்குகிறது, தன் சூழலோடு எவ்வாறு உறவு கொள்கிறது என்னும் வினாக்களை அறிவியலின் நடுவிடத்திற்குக் கொண்டு வந்தவர்களுள் ஸ்ட்ரெஸ்மன் ஒருவர். பட்டமில்லாத இந்திய இளைஞரை அவர் மாணவராக ஏற்றார். சலீம் அலி தம் வாழ்நாள் முழுதும் அவரையே குருவாகக் கருதினார்.

ஹெலிகோலாந்து தீவில், வலசை வரும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறையையும் அவர் அங்கேதான் கற்றார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் மேயர் போன்ற இளம் அறிஞர்களின் நட்பும் கிடைத்தது. நம் நாட்டு விடுதலைக்காக அயல்நாட்டில் உழைத்த செண்பகராமன் பிள்ளையையும் பெர்லினில் அவர் சந்தித்தார்.

வேலை போயிற்று, ஆய்வு பிறந்தது

1930இல் தாயகம் திரும்பியபோது அவருக்குக் காத்திருந்தது ஏமாற்றமே. நிதிப் பற்றாக்குறையால் வழிகாட்டி விரிவுரையாளர் பதவியே நீக்கப்பட்டுவிட்டது. உயர்ந்த பயிற்சி பெற்று வந்தவர்க்கு அமர்ந்து பணியாற்ற ஒரு நாற்காலி இல்லை. அப்பொழுது அவர்க்கு வயது 33. மணமாகிப் பன்னிரண்டாண்டுகள் நெருங்கியிருந்தன. நகர வாழ்க்கைக்குப் பொருள் போதாது. கணவனும் மனைவியும் பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பால் உள்ள கீஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர்.

அவ்வீட்டின் அருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. மழைக்காலம் அவற்றின் இனப்பெருக்கக் காலம். வேலையற்றவருக்கு நேரத்திற்குக் குறைவில்லை. மறைவிடம் ஒன்றை அமைத்துக்கொண்டு, நாள்தோறும் பல மணி நேரம் சலீம் அலி அக்கூடுகளையே நோக்கியிருந்தார். எந்த ஆண்குருவி எந்தக் கூட்டைக் கட்டுகிறது, எந்நாளில் எவ்வளவு கட்டியது, பெண்குருவி எப்பொழுது வந்தது என்று ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினார்.

தூக்கணாங்குருவியும் அதன் கூடும் தமிழர்க்குப் புதியவை அல்ல. நெடும் பனையில் தொங்கும் அக்கூட்டைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடியுள்ளார். திருத்தணி வட்டத்துக் கிணற்று மேட்டுப் பனைகளிலும் ஈச்ச மரங்களிலும் அக்கூடுகளைக் காணாத உழவர் இலர். எனினும் அக்கூட்டினுள் நடக்கும் குடும்ப வாழ்வு எத்தகையது என்பதை எவரும் முறையாக ஆராய்ந்ததில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து ஒரு கூட்டைக் கட்டி வாழ்கின்றன என்றே பொதுவாகக் கருதப்பட்டு வந்தது.

சலீம் அலி கண்டது வேறு. கூடு கட்டுவது ஆண்குருவி மட்டுமே. புல்லையும் நெற்பயிரின் தாளையும் மெல்லிய இழையாகக் கிழித்து வந்து அது பின்னுகிறது. கூடு பாதி முடிந்து தலைக்கவசம் போன்ற வடிவில் தொங்கும்போது பெண்குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. பிடிக்கவில்லையெனில் போய்விடுகின்றன. ஒரு பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்டால், அதன்பிறகே ஆண்குருவி நீண்ட நுழைகுழாயை அமைத்து அதனை முழுமையாக்குகிறது. பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண்குருவி அங்கே தங்குவதில்லை. வேறொரு கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணை வரவேற்கிறது. இவ்வாறு ஒரே பருவத்தில் ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்களை அமைக்கிறது.

இந்த ஆய்வு 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதுவே அவர்தம் பெயரை உலகப் பறவையியலாளர் நடுவே நிலைநிறுத்தியது. அதற்குத் தேவைப்பட்ட கருவிகள் ஒரு மறைவிடமும் ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடும் அளவிறந்த பொறுமையும் மட்டுமே. அருங்காட்சியகத்தில் வேலை நீடித்திருந்தால் அம்மழைக்காலம் முழுவதையும் ஒரு மரத்தடியில் கழிக்க அவர்க்கு வாய்த்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

சம்பளமில்லா ஆய்வாளர்

அடுத்து அவர் எடுத்த முடிவும் துணிவானது. இந்தியத் தீபகற்பத்தின் பல பகுதிகளில் எவ்வெப் பறவைகள் வாழ்கின்றன என்பது பற்றிய முறையான பதிவு அந்நாளில் இல்லை. சமஸ்தானங்களின் ஆட்சியாளர்க்கு அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். தமக்கு ஊதியம் வேண்டாம். முகாம்களுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால், அப்பகுதியின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகக் கூறினார். ஐதராபாத்து நிஜாம் அரசு இசைந்தது. பின்னர் 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் ஆய்வு நடந்தது. இன்று தமிழகத்தில் உள்ள கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் முகாம் மாறி முகாம் சென்று, மறையூர் முதலிய மலையிடங்களில் தொடங்கிக் கடற்கரைவரை அவரும் தெஹ்மினா அம்மையாரும் சுற்றினர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அந்நாளைய முறைப்படி, ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்வதும் அவர் பணியின் ஒரு பகுதியாக இருந்தது. உயிர்களிடத்து அன்பு கொண்டவர் துப்பாக்கி எடுப்பதா என்று இன்றைய மாணவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தொலைநோக்கியால் மட்டுமே இனங்காண இயலும் அளவுக்கு நூல்களும் படங்களும் அன்று இல்லை. இன்று நாம் சுடாமலேயே பறவையை இனங்காண முடிகிறதெனில், அதற்கு வழிசெய்த நூல்களுள் முதன்மையானவை அவர் எழுதியவையே.

தாம் சேர்த்தவற்றை ஆங்கிலேயப் பறவையியலாளர் ஹியூ விஸ்லர் அவர்களோடு இணைந்து ஆராய்ந்து வெளியிட்டார். தொடக்கத்தில் இருவர்க்கும் துடுப்புவால் கரிச்சானின் வால் அமைப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு தோன்றியது. அறியப்படாத ஓர் இந்தியர் தம் கூற்றில் குறை காண்பதை விஸ்லர் விரும்பவில்லை. எனினும் மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தபின் தம் பிழையை ஒப்புக்கொண்டார். இருவரும் நெருங்கிய நண்பராயினர். சான்றின் முன்னே தலைவணங்கும் பண்பு இருவரிடமும் இருந்தமையால் அறிவியல் வென்றது.

1939இல் ஒரு சிறிய அறுவை மருத்துவத்தைத் தொடர்ந்து தெஹ்மினா அம்மையார் மறைந்தார். சலீம் அலி மறுமணம் செய்து கொள்ளவில்லை. சகோதரி கமூவின் இல்லத்தில் தங்கி எஞ்சிய நாற்பத்தெட்டு ஆண்டுகளையும் பறவைகளுக்கே ஈந்தார். 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பல பதிப்புகள் கண்டது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு இணைந்து எழுதிய, பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இத்துணைக் கண்டத்தின் 1200க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அதில் விளக்கப்பட்டுள்ளன.

குறிப்பேட்டின் மதிப்பு

1933இன் அந்தப் பழைய குறிப்புகளால் இன்று என்ன பயன் என்று வினவலாம். இவ்வினாவே நம் கட்டுரையின் உயிர்நாடி. உயிரினப் பன்மையில் மாற்றம் நேர்ந்துள்ளது என்று கூற வேண்டுமானால், முன்பு என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். பழைய கணக்கில்லாத கடைக்கு இலாப நட்டம் தெரியாது. இயற்கையும் அத்தகையதே.

2009இல் கேரளத்துப் பறவை ஆய்வாளர் சிலர், சலீம் அலி 1933இல் ஆய்வு செய்த அதே இடங்களுக்குச் சென்று மீண்டும் கணக்கெடுத்தனர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று திருத்தணி வட்டாரத்தார்க்கு வியப்பளிக்கும். சலீம் அலி அன்று சென்ற 19 இடங்களுள் ஓரிடத்திலும் மயிலைக் காணவில்லை. 2009இல் அவற்றுள் 10 இடங்களில் மயில் காணப்பட்டது. முருகப் பெருமானின் ஊர்தியாக மக்கள் போற்றும் மயில் பெருகுவது நற்செய்தி என்றே நமக்குத் தோன்றும். ஆய்வாளர் அதனைச் சற்றுக் கவலையோடு நோக்குகின்றனர். மயில் வறண்ட, புதர் மண்டிய நிலத்தை விரும்பும் பறவை. மழைவளம் மிக்க மலைநாட்டில் அது பரவுகிறதென்றால், அந்நிலம் வறண்டு வருகிறது என்பதற்கு அஃது ஓர் அறிகுறியாகலாம். ஒரு பறவை கூடுவதும் குறைவதும் தம்மளவில் நன்றோ தீதோ அல்ல. அவை நிலத்தின் நாடித்துடிப்பு. 1933இல் ஒருவர் கண்டதோடு காணாததையும் நேர்மையாக எழுதி வைத்தமையாலேயே அந்நாடியைப் பிடித்துப் பார்க்க இன்று நமக்கு இயல்கிறது.

மயிலைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1963இல் மயில் நம் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. சலீம் அலியோ கானமயிலுக்கே அச்சிறப்பு வேண்டும் என்று விழைந்தார். எங்கும் அறியப்பட்ட மயிலைவிட, அழிவை நோக்கிச் செல்லும் கானமயிலுக்கே பாதுகாப்பு மிகுதியும் தேவை என்பது அவர் எண்ணம். அன்று அவர் அஞ்சியது வீண்போகவில்லை. ஒருகாலத்தில் தமிழகத்துப் புல்வெளிகளிலும் உலவிய கானமயில் இன்று இந்தியா முழுவதிலும் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

அவர் காலத்தில் எங்கும் வட்டமிட்ட பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகளின் கதையும் துயரமானது. அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவை திரள் திரளாக மாண்டன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி நீக்கி மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே பாறுகளின் சிறுநீரகத்தைத் தாக்கியதே காரணம் எனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. முன்னைய எண்ணிக்கை பற்றிய பதிவுகள் இல்லாதிருந்தால் அவ்வீழ்ச்சி எத்துணைப் பெரிது என்பதே தெரிந்திராது.

இழப்பின் நடுவே மீட்பும் உண்டு. சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் என்பவர் பெயரால் வழங்கும் ஓர் ஓட்டப்பறவை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் புதர்க்காடுகளில் இரவில் உலவுவது. தெலுங்கு மக்கள் அதனைக் கலிவிக்கோடி என்பர். 1900க்குப் பிறகு அதனை எவரும் காணவில்லை. அழிந்துவிட்டது என்றே கருதினர். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர் ஒருவர் கடப்பை மாவட்டத்தில் அதனை மீண்டும் கண்டறிந்தார். ஊர் மக்களிடம் படத்தைக் காட்டி வினவி, அவர்கள் அறிவின் துணைகொண்டே அது நிகழ்ந்தது. சலீம் அலி தம் தொண்ணூறாம் அகவையில் அச்செய்தியைக் கேட்கும் பேறு பெற்றார். திருத்தணியிலிருந்து கடப்பைக் காடுகள் ஒருநாள் பயணத் தொலைவே.

நிறையும் குறையும்

பெரியோர் வரலாறு எழுதுவோர் குறைகளை விடுத்து நிறைகளையே எழுதுவது வழக்கம். அது வரலாற்றுக்கும் அவர்க்கும் செய்யும் நன்மை ஆகாது. பரத்பூர் நீர்நிலை பறவைகளின் புகலிடமாகப் பாதுகாக்கப்பட்டதில் சலீம் அலிக்குப் பெரும் பங்குண்டு. அங்கே எருமைகள் மேய்வது பறவைகளுக்குத் தீங்கு என்று அவரும் பிறரும் கருதினர். 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டபோது, ஊர் மக்களோடு மோதல் மூண்டு, காவலர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். பின்னர் அவர்தம் கழகமே பல்லாண்டு நடத்திய ஆய்வில், எருமைகள் மேய்ந்ததால்தான் நீரில் புல் மண்டாமல் பறவைகளுக்கு வெளி கிடைத்தது என்பது தெரியவந்தது. பேரறிஞரின் கருத்தையும் களச்சான்று திருத்தும். அச்சான்றைத் தேடும் முறையைக் கற்பித்தவரும் அவரே. வேடந்தாங்கலில் ஊர் மக்களே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருவதை நாம் அறிவோம். மக்களைப் பகைத்து இயற்கையைக் காக்க இயலாது என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் பாடம்.

சமயச் சடங்குகளில் தமக்குப் பற்று இல்லை என்பதையும் சலீம் அலி தம் நூலில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். வெளிப்பகட்டான பக்தி அவரை விலக்கியது. நம் பெரியோர்க்கு இது வருத்தம் தரலாம். அவர்தம் உள்ளத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே. நாம் அறிவது ஒன்றுண்டு. வானத்தில் சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளை உற்று நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மாந்தரை அழைக்கின்றது. சுலைமான் நபி அவர்களின் அவையில் ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்திக்கும் இடம் இருந்தது. அவ்வழைப்பின்படி நோக்கிச் சிந்திக்கும் கடமையை நம்முள் எத்துணைப் பேர் அவரளவு செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

அவருடைய கொடைக்குணத்திற்கும் ஒரு சான்று போதும். 1976இல் ஜே. பால் கெட்டி பரிசாக 50,000 டாலர் கிடைத்தது. வாழ்நாளில் பொருள் நெருக்கடியை நன்கறிந்தவர் அவர். அத்தொகையைத் தம்மை ஆளாக்கிய கழகத்திற்கே அளித்தார். அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காக்க எழுந்த குரல்களுள் அவர் குரலும் ஒன்று. அது 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்துக் கோடியக்கரையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பணியையும் அவர் வளர்த்தார். பீகாரின் மீர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்போரின் கைத்திறனே அப்பணிக்குத் துணையாயிற்று. பறவை பிடித்து விற்றவர்கள் பறவையியலின் பணியாளராக மாறினர்.

1987 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சலீம் அலி மறைந்தார். அவர் நினைவைப் போற்றும் பறவையியல், இயற்கை வரலாற்று மையம் 1990இல் கோவையில் நிறுவப்பட்டு, ஆனைகட்டி மலையடிவாரத்தில் இயங்கி வருகின்றது. பட்டம் இல்லை என்று பணி மறுக்கப்பட்டவர் பெயரால் அமைந்த நிறுவனத்தில் இளைஞர் இன்று முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்கின்றனர்.

மாணவர்க்கு ஒரு சொல்

மாணவர்காள்! நீங்கள் அனைவரும் பறவையியலாளர் ஆக வேண்டும் என்று நாம் கூறவில்லை. உங்கள் ஊரில் ஓர் ஏரி இருக்கும். அல்லது ஒரு பனந்தோப்பு, ஒரு பள்ளிவாசல் குளம், ஒரு கோயில் நந்தவனம் இருக்கும். அங்கே எத்தனைத் தூக்கணாங்குருவிக் கூடுகள் உள்ளன? மயில் எப்பொழுது வந்தது? சிட்டுக்குருவி எப்பொழுது குறைந்தது? பாறு பறந்ததைக் கண்ட முதியவர் எவரேனும் உள்ளனரா? நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். காணாததையும் எழுதுங்கள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் எவரோ ஒருவர் அதே ஏரிக்கரையில் நின்று உங்கள் குறிப்பைத் தேடக்கூடும்.

சமுதாயப் பெரியோர்க்கும் பெற்றோர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. பிள்ளை ஒருவன் தொண்டை மஞ்சளான ஒரு குருவியோடு உங்கள் முன் வந்து நின்றால், இதனால் என்ன வருமானம் என்று முதலில் கேட்காதீர்கள். அமீருத்தீன் தையப்ஜி செய்ததைப் போல, உங்களுக்கு விடை தெரியாவிடில், தெரிந்தவர்க்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

படைப்பினங்கள் யாவற்றையும் பேணிக் காக்கும் பொறுப்பை மனிதனிடம் ஒப்படைத்த வல்ல இறைவன், அப்பொறுப்பை அறிவோடும் அடக்கத்தோடும் நிறைவேற்றும் ஆற்றலை நம் இளந்தலைமுறைக்கு அருள்வானாக!